கசப்பும் கடிகாரமும்: சுருட்டோடு பீர் சேரும் விதம்

கறுத்த சுருட்டுக்குக் கறுத்த பீர், வெளிறிய சுருட்டுக்கு வெளிறிய பீர். சுருட்டையும் சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீரையும் எப்படிச் சேர்ப்பது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். நினைவில் வைக்க எளிது, கடையில் நின்று தேர்ந்தெடுக்கவும் எளிது. நானும் பல காலம் இதையே நம்பினேன். கேட்டவர்களுக்கும் இதையே சொன்னேன். இன்று இந்த விதியில் பாதிக்கு மேல் பிழை என்று நினைக்கிறேன். நாக்கு நிறம் பார்ப்பதில்லை. இவை இரண்டும் இணங்கிப்போவதையும் முட்டிக்கொள்வதையும் முடிவு செய்பவை கசப்பும் நேரமும்தான்.

முதலில் நிறத்தைப் பார்த்துவிடுவோம். கின்னஸ் டிராஃப்ட் கரி போலக் கறுப்பு. அதில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டூவெல் வைக்கோல் நிறத்தில் பளபளக்கும்; அது 8.5 சதவீதம். கறுப்பைக் கண்டு கனம் என்று நினைப்பவர் இரண்டிலும் ஏமாறுவார். சுருட்டிலும் இதே கதை. நம் கண்ணுக்குத் தெரிவது மேலே சுற்றிய ஒரே ஓர் இலை. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் மெல்லிய துணிப்பந்தலுக்குக் கீழே, வெயில் வடிகட்டி வளர்த்த இலை வெளிறி இருக்கும். தடித்த இலையை அதிக நாள், அதிகச் சூட்டில் பாடம் செய்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். ஸ்பானிய மொழியில் அதற்கு ‘மதூரோ’ என்று பெயர், ‘பழுத்தது’ என்று பொருள். பழுத்த இலை பெரும்பாலும் இனிப்பும் கோகோ வாசனையும் தருமே தவிர முரட்டுத்தனம் தராது.

சுருட்டின் வீரியம் உள்ளே இருக்கிறது. ஒரே செடியின் அடியிலை, நடுவிலை, உச்சியிலை மூன்றுக்கும் குணம் வேறு. ‘வோலாடோ’ எனப்படும் அடியிலை நன்றாக எரியும், அவ்வளவுதான். ‘செகோ’ எனப்படும் நடுவிலையில் மணம் உண்டு. நேர் வெயில் வாங்கிய உச்சியிலையான ‘லிஹேரோ’வில்தான் எண்ணெயும் நிக்கோட்டினும் அதிகம். அது மெதுவாக எரிவதால் சுருட்டுகிறவர் அதை நட்டநடுவில் வைத்து மற்ற இலைகளால் போர்த்துகிறார். ஆக, ஒரு சுருட்டு நம் தலையைச் சுற்றவைக்குமா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியாத ஓர் இலையைப் பொறுத்தது. வெளிறிய மேலிலைக்குள் கனத்த லிஹேரோ இருக்கலாம். அதற்கு லேசான கோதுமை பீரைக் கொடுத்தால் இரண்டாவது மடக்கிலேயே பீர் வெறும் தண்ணீராகத் தெரியும்.

எந்தச் சுருட்டுக்கு எந்தப் பீர் என்ற கேள்வியே புதியது. சுருட்டுக்குத் துணையாகப் பழைய மேசைகளில் வைக்கப்பட்டவை போர்ட் ஒயின், கோன்யாக், விஸ்கி, ரம். பீர் தாகத்துக்குக் குடிப்பதாகவே இருந்தது. மூடப்படும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965-ல் ஃப்ரிட்ஸ் மேடேக் வாங்கியதும், 1976-ல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவில் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைத் தொடங்கியதும், வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டதும் சேர்ந்துதான் அமெரிக்க பீருக்கு மறுபடி ருசி வந்தது. 1992-ல் ‘சிகார் அஃபிஷியனாடோ’ பத்திரிகை தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் சுருட்டு மோகமும் உச்சத்துக்குப் போனது. இரண்டு மோகங்களும் ஒரே நேரத்தில் எழுந்ததால் ஒரே மேசையில் சந்தித்தன. அதற்கு முன்பு கேள்வி எழ வழியில்லை. கடைகளில் கிடைத்த பீரெல்லாம் ஒன்றுபோல வெளிறிய லாகராக இருந்தபோது எதை எதோடு சேர்ப்பது?

ஆனாலும் ஓர் ஊரில் இவை இரண்டும் அதற்கு நூறு வருடம் முன்பே அக்கம்பக்கத்தில் இருந்தன. ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கு ‘சுருட்டு நகரம்’ என்றே செல்லப்பெயர். ஸ்பெயினில் பிறந்து கியூபாவில் தொழில் செய்த விசென்டே மார்ட்டினஸ் ஈபோர், கியூபாவின் விடுதலைப் போர்க் காலத்தில் கீ வெஸ்ட் தீவுக்கு வந்து, 1885-ல் டாம்பாவுக்கு அருகே நிலம் வாங்கினார். ஈபோர் சிட்டி அப்படிப் பிறந்தது. கியூபர்களும் ஸ்பானியர்களும் சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்களும் அங்கே வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றினார்கள். கூடத்தின் நடுவில் உயர்ந்த மேடையில் ‘லெக்டோர்’ என்ற வாசகர் அமர்ந்து காலையில் செய்தித்தாளும் பிற்பகலில் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே, தங்கள் கூலியிலிருந்து. 1931-ல் முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் பிறகு வானொலி வந்தது. சுருட்டின் வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பக்கம் இது. கை இலையிலும் காது கதையிலுமாக ஒரு கூடமே உட்கார்ந்திருந்த காட்சி எந்தப் பீர் ஆலைக்கும் வாய்க்கவில்லை.

அதே ஈபோர் சிட்டியில் 1890களின் பிற்பகுதியில் ஃபுளோரிடா புரூயிங் கம்பெனி எழுந்தது. ஹவானாவிலிருந்து இலை வடக்கே வந்தது, டாம்பாவிலிருந்து பீர் தெற்கே போனது. 2009-ல் அந்த ஊரில் சிகார் சிட்டி புரூயிங் திறந்தபோது ஊரின் பெயரையும் நினைவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அதன் பழுப்பு நிற ஏலுக்கு ‘மதூரோ’ என்று பெயர். ஆலைக்குப் பேர் வாங்கித் தந்த பீரோ ‘ஹை அலை’ என்ற இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐ.பி.ஏ.; பெயர் பாஸ்க் நாட்டுப் பந்தாட்டத்தினுடையது. ஆலை 2016-ல் ஒரு முதலீட்டுக் குழுமத்தின் கைக்குப் போய், 2022-ல் எனர்ஜி பானம் விற்கும் மான்ஸ்டர் நிறுவனத்திடம் சேர்ந்தது. இனி இதைக் கிராஃப்ட் என்று சொல்லலாமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. சுருட்டு நகரத்தின் பெயரைச் சுமக்கும் ஆலையில் அதிகம் பேசப்படும் பீர், சுருட்டோடு சேர்ப்பதற்கு மிகக் கடினமான வகையாக அமைந்ததுதான் எனக்கு முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேர்க்கையை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் ஒரு வாதம், இரண்டும் நொதிக்கவைத்துச் செய்யப்படுபவை என்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த வாதம் இது. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கள் புளிக்கிறது, புகையிலை பாடமாகிறது. பீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. புகையிலையில் நடப்பது வேறு. ஈரம் ஏற்றிய இலைகளை ஆள் உயரத்துக்குப் போராக அடுக்குகிறார்கள். அடுக்கின் நடுவே தானாகச் சூடு ஏறி 50 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். கண்ணில் நீர் வரவைக்கும் அம்மோனியா வெளியேறும். சூடு மிஞ்சாமல் போரைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். மாதக்கணக்கில் இப்படிப் பாடம் செய்ததும் இலையின் முரடு போய் மணம் தங்குகிறது. இதில் ஆல்கஹால் வேலையே இல்லை.

உண்மையான உறவு நெருப்பில் இருக்கிறது. முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போதும் வறுக்கும்போதும் அதன் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி, ரொட்டி மேலோடு, காபி, கோகோ ஆகியவற்றில் நாம் அறிந்த வாசனைகளைத் தருகின்றன. தோசை ஓரத்தில் முறுகலாவதும் இதே வேதிவினைதான். 1817-ல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஓர் உருளை, காபிக் கொட்டை வறுப்பது போல முளைப்பார்லியைக் கரிந்துபோகாமல் கறுக்க வறுத்தது. போர்ட்டரும் ஸ்டவுட்டும் இன்று நாம் அறியும் கறுப்பையும் வறுவல் ருசியையும் அடைந்தது அதிலிருந்துதான். சுருட்டின் நுனியில் எரிவதற்குச் சற்றுப் பின்னால், எரியாமல் சுடப்படும் இலையிலிருந்தும் இதே குடும்பத்து வாசனைகள் எழுகின்றன. போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறவைத்த ஸ்டவுட்டை 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பிரபலப்படுத்தியது. அந்தப் பீப்பாய்களின் உட்புறம் நெருப்பில் கருக்கப்பட்டது. கருகிய ஓக் மரம் வெனிலாவையும் லேசான புகையையும் தரும். மதூரோ சுருட்டோடு இந்த வகை ஸ்டவுட் சேர்வதற்கு இதுதான் காரணம். கறுப்புக்குக் கறுப்பு என்ற விதி இந்த ஓர் இடத்தில் சரியாகிப்போனதால் எல்லா இடத்துக்கும் நீட்டிவிட்டார்கள்.

நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் பாம்பர்க் நகரம் நல்ல சான்று. அங்கே ஷ்லென்கர்லா போன்ற ஆலைகள் பீச் மர விறகின் புகையில் உலர்த்திய பார்லியில் இன்றும் புகை பீர் காய்ச்சுகின்றன. முதல் மடக்கில் கருவாட்டுக் கூடையைத் திறந்தது போல இருக்கும். மூன்றாவது குவளையில் பழகி, பிடித்தும் போகும். புகைக்குப் புகை பொருந்தும் என்று இதைச் சுருட்டோடு பரிந்துரைப்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். அடுப்படியில் நிற்பவருக்குத் தாளிப்பு மணம் தெரியாததுபோல. பத்து நிமிடத்தில் பீரின் புகையும் போய்விடும், சுருட்டின் புகையும் மழுங்கிவிடும். ஒற்றுமை ஓரளவுக்குத்தான் உதவும். அதற்கு மேல் வேற்றுமை வேண்டும்.

வேற்றுமையில் முதலாவது, புகையின் காரத்தன்மை. மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை. அமிலத்துக்கு எதிரானதாக வேதியியல் சொல்லும் காரம். நிழலில் காற்றாட உலர்த்திய சுருட்டு இலையின் புகையில் அது தூக்கலாக இருக்கும். அதனால்தான் சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமலேயே வாயின் உள்தோல் வழியாக நிக்கோட்டின் உடம்பில் ஏறுகிறது. பீர் அமிலப் பக்கத்தில் இருக்கிறது. புளித்த பீர்கள் இன்னும் அதிகம். ஒவ்வொரு மடக்கும் நாக்கின் மேல் படிந்த காரப் படலத்தை அமிலத்தால் கழுவுகிறது, நுரையின் வாயுக் குமிழ்கள் சுரண்டி எடுக்கின்றன. விஸ்கியால் இது முடியாது. 40 சதவீத ஆல்கஹால் ஏற்கெனவே சுட்டுக்கிடக்கும் வாயை மேலும் சுடும், உலர்த்தும். பீரின் பெரும்பகுதி குளிர்ந்த நீர். சுருட்டோடு பீர் என்ற யோசனைக்கு வலுவான நியாயம் இதுதான் என்பேன். ருசி ஒற்றுமையைப் பற்றிய அத்தனை பேச்சையும்விட இது பெரிது.

இரண்டாவது, கசப்பு. ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கின் பின்புறம் தங்கி மெதுவாக இறங்கும். புகையின் கசப்பும் அங்கேயே தங்கும். இரண்டும் கூடினால் ஒன்றையொன்று தணிப்பதில்லை, ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும். அகத்திக்கீரைப் பொரியலுக்குப் பாகற்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது போல. அகத்திக்கீரைக்குத் தேங்காய்ப்பூ தூவி வதக்குகிறார்களே, அந்த அறிவுதான் இங்கேயும் வேண்டும். கசக்கும் புகைக்கு முளைப்பார்லியின் இனிப்பு துணை. ஸ்காட்ச் ஏல், டாப்பெல்பாக், பெல்ஜியத் துறவிமடங்களின் பழுப்பு ஏல் எல்லாம் சுருட்டோடு நன்றாக உட்காருவது அவற்றின் நிறத்தால் அல்ல, அவற்றில் தங்கிய இனிப்பாலும் குறைந்த ஹாப்ஸ் கசப்பாலும்தான். நிறம் வெளிறிய பெல்ஜிய டிரிப்பெல்லும் நடுத்தரச் சுருட்டோடு சேரும். கறுப்பாகவே இருந்தாலும் ஹாப்ஸை அள்ளிப்போட்ட கறுப்பு ஐ.பி.ஏ. சேராது.

நேரத்தைப் பற்றி இன்னும் அதிகம் பேசவேண்டும்; எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். பீர் ஒரு குவளை, சுருட்டு ஒரு பயணம். ‘ரொபஸ்டோ’ எனப்படும் அளவு ஐந்து அங்குல நீளம், ஓர் அங்குலத்தில் 64-ல் 50 பங்கு குறுக்களவு. அவசரமில்லாமல் புகைத்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். எரியும் முனை நெருங்க நெருங்க, முன்பு வடிகட்டப்பட்டுத் தங்கிய தாரும் நிக்கோட்டினும் மறுபடி சூடாகிப் புகையில் சேரும். அதனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு முதல் பங்கைவிட எப்போதும் முரடு. முதல் இழுப்புக்குப் பொருந்திய பீர் கடைசி இழுப்புக்குப் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

டாம்பாவில் ஒரு நண்பர் வீட்டுப் பின்கட்டில், காற்றில்லாத ஒரு மாலையில், இதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தேன். ஒரே ரொபஸ்டோ, நடுத்தர வீரியம். எதிரே மூன்று கண்ணாடிக் கோப்பைகள்: கோதுமை பீர், ஐ.பி.ஏ., பத்து சதவீத இம்பீரியல் ஸ்டவுட். மூன்றும் குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்தவை. முதல் பத்து நிமிடம் கோதுமை பீர்தான் அரசன். அதன் கிராம்பு வாசனையும் புதுச் சுருட்டின் மிளகு நெடியும் கைகோத்தன. ஐ.பி.ஏ. நாக்கின் அடியில் ஈயம் போல ஒரு சுவையை விட்டது. ஸ்டவுட் குளிரில் விறைத்து எதுவும் பேசவில்லை. இருபதாவது நிமிடம் சாம்பல் ஓர் அங்குலம் நின்றது. கோதுமை பீர் இளைத்துத் தண்ணீராகத் தொடங்கியது. முப்பத்தைந்தாவது நிமிடம் ஸ்டவுட் கோப்பையை உள்ளங்கையில் வைத்தபோது குளிர் போயிருந்தது. முகர்ந்தால் கரும்புப்பாகு, உலர்திராட்சை, கருகிய ரொட்டி. சுருட்டு முரடாகிக்கொண்டிருந்த அதே வேகத்தில் ஸ்டவுட்டும் திறந்துகொண்டிருந்தது. ஒன்று எரிந்து ஏறுகிறது, மற்றது வெம்மை பெற்று ஏறுகிறது. இரண்டு கடிகாரங்களும் ஒரே மணி காட்டிய இடம் அது. கனத்த ஸ்டவுட் சுருட்டோடு சேர்வதற்கான இரண்டாவது காரணத்தை அன்றுதான் கண்டேன்: அது மெதுவாகக் குடிக்கப்படுவது. லாகரை ஒரு மணி நேரம் மேசையில் வைத்தால் செத்துவிடும். ஸ்டவுட் அந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிர்பெறுகிறது.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தின் ‘செரூட்’ தமிழ்ச் ‘சுருட்டு’தான். இரு முனையும் வெட்டிய திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் வரை பெயர்பெற்றது. 1887-ல் கோனன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கொலைகாரனைப் பற்றிய துப்புகளில் ஒன்று திருச்சிச் சுருட்டின் சாம்பல். அதே நூற்றாண்டில் லண்டனின் ஹாட்சன் ஆலையிலிருந்தும், பிறகு பர்ட்டன் ஊரின் ஆல்சாப் முதலானவர்களிடமிருந்தும் பேல் ஏல் பீப்பாய்கள் மதராஸுக்குக் கப்பலேறி வந்தன. வெள்ளைக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் சுருட்டும் கசப்பு பீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்படியானால் ஹாப்ஸ் பீர் சுருட்டோடு சேராது என்று நான் சொன்னது என்ன ஆனது?

அன்று மதராஸில் இறங்கியது இன்றைய ஐ.பி.ஏ. அல்ல. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பீப்பாயில் குலுங்கி, வெயிலில் வெந்து, மறுபடி நொதித்து, கசப்பு அடங்கி வந்த பீர் அது. இந்தியாவுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்ற பழைய கதையைப் பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் தக்க சான்றுகளோடு மறுத்திருக்கிறார். ஏற்கெனவே இருந்த பீர்தான் கடல் பயணத்தில் பக்குவப்பட்டது. இன்றைய ஐ.பி.ஏ.வோ பறித்த பூ மணம் போவதற்குள் குடிக்கவேண்டியது. பழையதின் பெருமை முதிர்ச்சி, புதியதின் பெருமை பச்சை. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய சேர்க்கையைப் புதியதற்குச் சான்றாகக் காட்டக்கூடாது.

ருசியைப் பற்றி மட்டும் பேசி நகர்ந்துவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலையையும் ஆல்கஹாலையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோயில் இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலை ஒட்டி ஏறுகிறது. ஆல்கஹால் வாயின் உள்தோலைப் புகையின் நஞ்சு எளிதில் ஊடுருவும்படி ஆக்கிவிடுகிறது. புகையை உள்ளே இழுப்பதில்லை என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. வாய் முழுக்கத்தான் புகை நிற்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்கக்கூடும். வெற்றிலையோடு புகையிலை மென்று தாடை இறுகிப்போனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சேர்க்கை ருசியானது என்பதும் உண்மை, ருசியான அந்தச் சேர்க்கைதான் உடம்புக்கு மோசமான சேர்க்கை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கும் எழுத்தை நான் நம்புவதில்லை.

இனி அந்த ஐ.பி.ஏ.வுக்கு வருகிறேன். சிகார் சிட்டி ஆலைக்காரர்கள் ஹை அலை பீரையும் சுருட்டையும் சேர்க்கக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. புகையை விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். நல்ல சுருட்டு வைக்கும் பெட்டிக்கு ‘ஹ்யூமிடார்’ என்று பெயர். உள்ளே காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். பெட்டியின் உட்புறம் ஸ்பானிய சீடர் என்னும் மரம். பெயர்தான் சீடர், தேவதாருவுக்கும் அதற்கும் உறவில்லை; நம் வேம்பும் மஹோகனியும் சேர்ந்த குடும்பம் அது. மத்திய, தென் அமெரிக்க மரம். ஈரத்தை வாங்கி மெதுவாக விடும், பூச்சியை அண்டவிடாது, சந்தனத்தை நினைவூட்டும் மிளகு மணம் தரும். இந்த மரத்தின் துண்டுகளில் பீரை ஊறவைத்து ‘ஹ்யூமிடார்’ என்ற பெயரிலேயே அவர்கள் ஐ.பி.ஏ. வெளியிட்டார்கள். ஹாப்ஸின் நாரத்தைத் தோல் வாசனையும் மரத்தின் மிளகும் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன. புகையின் கசப்பு இல்லாததால் ஹாப்ஸின் கசப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

டாம்பாவில் அன்றைய சோதனை முடிந்தபின் நண்பர் அந்தப் பீரில் ஒரு புட்டி உடைத்தார். என் சட்டைப் பையில் இன்னொரு சுருட்டு மிச்சமிருந்தது. உறையைக் கழற்றி, பற்றவைக்காமல், மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு குடித்தேன். வைக்கோல்போர், தோல்பை, உலர்ந்த அத்திப்பழம் என்று இலையின் வாசனை ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த மடக்கில் மரப்பெட்டியின் வாசனை அதைச் சுற்றி மூடியது. எரிந்துகொண்டிருந்தபோது அந்த இலையில் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவில்லை. புட்டி காலியானதும் சுருட்டை உறைக்குள் திரும்பச் செருகி, நண்பரின் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.